சுண்டிய சளி

அன்புள்ள ஐயா,
மருத்துவக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். அதில் சளி, பித்தநீர் இரண்டோடும் ‘இன்ஸ்பிசேட்டட்’ என்ற சொல் வருகிறது. ‘கெட்டியான’ என்று போட்டேன். போதாது என்று தோன்றுகிறது. ‘உறைந்த’ எனலாமா?
— வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

‘உறைந்த’ வேண்டவே வேண்டாம். ‘சுண்டிய’ என்று போடுங்கள்.

லத்தீனில் ‘ஸ்பிஸ்ஸுஸ்’ என்றால் அடர்த்தியானது. இளக்கமாக இருந்த திரவம் நீர் வற்றிக் கெட்டிப்பட்டால்தான் ‘இன்ஸ்பிசேட்டட்’. பால் உறைந்தால் தயிர். நீர் அதற்குள்ளேயேதான் இருக்கிறது. அதே பாலைச் சுண்டக் காய்ச்சினால் பால்கோவா. இரண்டும் கெட்டிதான், கெட்டியான வழி வேறு. ‘விஸ்கஸ்’ (குழகுழவென்று மெல்ல ஓடுவது) என்பதற்கு இந்த முன்கதை கிடையாது. தேன் எப்போதுமே விஸ்கஸ்தான்.

வழி வேறானால் வைத்தியமும் வேறு. கழுத்தில் துளையிட்டுச் சுவாசக்குழாய் பொருத்தியவரை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கு வழியாகப் போகும் காற்று நுரையீரலை அடைவதற்குள் 37 டிகிரிக்குச் சூடாகி, லிட்டருக்கு 44 மில்லிகிராம் நீராவி ஏற்றிக்கொள்ளும். குழாய் வழியே வறண்ட காற்று நேராக இறங்கினால் சளியின் நீரை அது குடித்துவிடும். சளி உள்குழாயின் (சுவாசக்குழாய்க்குள் கழற்றி மாட்டும்படி இருக்கும் குழாய்) சுவரில் பொருக்குத் தட்டி, உறிஞ்சு குழலை விட்டால் இடிக்கும். உறிஞ்சும் விசையைக் கூட்டிப் பயனில்லை. உள்குழாயைக் கழற்றிக் கழுவ வேண்டும், காற்றுக்கு ஈரம் ஏற்ற வேண்டும். ‘சுண்டிய சளி’ என்று படிப்பவருக்கு ஈரம் போனது சட்டென்று உறைக்கும்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (உடலின் சுரப்புகள் கெட்டியாகிவிடும் பரம்பரை நோய்) உள்ள சில பச்சிளங்குழந்தைகளுக்கு முதல் மலமே இப்படி இறுகிச் சிறுகுடலின் கடைசிப் பகுதியை அடைக்கும். குடல் கிழியாத நிலையில் காஸ்ட்ரோகிராஃபின் என்ற எக்ஸ்ரே சாயத்தை எனிமாவாகக் கொடுப்பார்கள். அது உடலின் நீரைக் குடலுக்குள் இழுத்து மலத்தை இளக்கும். அதனால்தான் கூடவே டிரிப்ஸ் ஓட வேண்டும். இல்லையென்றால் குழந்தை வற்றிப்போகும். கையேட்டில் டிரிப்ஸ் பற்றிய வரி வந்தால் தயவுசெய்து சுருக்கிவிடாதீர்கள்.

பித்தநீருக்கும் ‘சுண்டிய’ பொருந்தும். ‘பித்தக்கல்’ என்று எழுதிவிடாதீர்கள், அது வேறு.

ஓரிடத்தில் மட்டும் ‘சுண்டிய’ உதவாது. காசநோய்க் கிருமி வளர்க்கும் முட்டைக் கலவையைச் சாய்த்த குழாய்களில் ஊற்றி, ‘இன்ஸ்பிசேட்டர்’ என்ற கருவியில் 80 முதல் 85 டிகிரியில் சுமார் 45 நிமிடம் வைப்பார்கள். அங்கே நீர் வற்றுவதில்லை, முட்டைப் புரதம் இறுகுகிறது. சூடு மிஞ்சினால் குமிழி கிளம்பிப் பரப்பு கெடும். அதற்குக் கருவியின் பெயரை அப்படியே வைத்து, ‘இறுகவைத்த’ என்று எழுதுங்கள்.