வாசகர் கேள்வி: 40 அப்ரண்டிஸ் 400 ஆக வேண்டுமானால்

கேள்வி: கோவையில் எங்கள் அறக்கட்டளை ஆண்டுக்கு 40 பிள்ளைகளை 8 பட்டறைகளில் லேத் (கடைசல் மெஷின்), சிஎன்சி (கணினியால் ஓடும் மெஷின்) வேலை பழகும் அப்ரண்டிஸாகச் சேர்த்துவிடுகிறது. 400 பேராக்கினால் தலைக்கு இவ்வளவு என்று பணம் தர ஒரு நிறுவனம் முன்வந்திருக்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: ஒப்புக்கொள்ளுங்கள், ஆனால் ஒரே ஆண்டில் வேண்டாம். பிள்ளைகள் கிடைப்பார்கள். பட்டறைதான் கிடைக்காது.

30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒப்பந்த ஆட்களையும் சேர்த்து, 2.5 முதல் 15 விழுக்காடு வரை அப்ரண்டிஸ் எடுப்பது கட்டாயம். 4 முதல் 29 பேர் வரை என்றால் முதலாளியின் விருப்பம். பெரிய பட்டறைகள் தீர்ந்ததும் 20 பேர் வேலை செய்யும் இடங்களுக்குத்தான் போயாக வேண்டும். அங்கே 15 விழுக்காடு என்றால் மூன்று பேருக்கு மேல் முடியாது. கூடுதல் 360 பேருக்கு 120 பட்டறை!

ஒவ்வொன்றுக்கும் 15 நாளுக்கு ஒருமுறை ஆள் போக வேண்டும். போக்குவரத்து, பதிவு வேலை எல்லாம் போக ஒருவரால் நாளைக்கு இரண்டு பட்டறைதான் பார்க்க முடியும். 12 வேலை நாளில் 24. ஆக, புதிதாக ஐந்து கள அலுவலர்கள். தலைக்கு இவ்வளவு என்று வரும் பணத்தில் இவர்கள் சம்பளமும் பெட்ரோலும் அடங்காது. அதைத் தனித் தலைப்பில் கேட்டு வாங்குங்கள்.

போகிற அலுவலர் வருகைப் பதிவேட்டை மட்டும் பார்த்துத் திரும்பக் கூடாது. அன்று மெஷினில் ஓடிய ஜாப் (கடைந்த உதிரி) ஒன்றையும் வெர்னியரையும் (நுண்ணிய அளவு பார்க்கும் கருவி) பையனிடம் கொடுத்து அளக்கச் சொல்லட்டும். இரண்டு மாதம் ஆகியும் மெயின் ஸ்கேலைப் படித்துவிட்டு வெர்னியர் கோடு எது பொருந்துகிறது என்று தடுமாறினால், அவனை ஜாப் மாட்டிக் கழற்ற மட்டுமே விட்டிருக்கிறார்கள் என்று பொருள். ஆர்டர் நெருக்கடியில் ஃபோர்மேனுக்குச் சொல்லித்தர நேரமில்லாமல் போவதுதான் வழக்கமான காரணம். ஒரு ஃபோர்மேனிடம் ஒரே சமயத்தில் மூன்று புதியவர்களுக்கு மேல் விடாதீர்கள். எல்லாரையும் ஜூன், ஜூலையிலேயே சேர்க்காமல் மாதவாரியாகப் பிரியுங்கள்.

பிள்ளைகள் நின்றுபோவது பெரும்பாலும் முதல் ஆறு வாரத்தில்தான். வெளியூர்ப் பையனுக்கு ரூம் அட்வான்ஸ், மெஸ் பணம் வந்த அன்றே வேண்டும். அப்ரண்டிஸுக்கு மாதாமாதம் தரும் உதவித்தொகை வர மறுமாதம் ஆகும். ஆளுக்கு 5,000 ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்து ஐந்து தவணையில் திரும்ப வாங்குங்கள். நூறு பேர் என்றால் 5 லட்சம் கையிருப்பு வேண்டும். மத்திய அரசின் பங்கு, உதவித்தொகையில் 25 விழுக்காடு, மாதம் அதிகபட்சம் 1,500 ரூபாய், நேராகப் பையன் கணக்குக்கே போகும். ஆதார் இணைக்காத கணக்கென்றால் அது நின்றுவிடும். சேர்க்கைக்கு முன்பே வங்கியில் சரிபாருங்கள்.

முதல் ஆண்டு 100 பேர் போதும்.

கேள்வி: வெளிநாட்டு நன்கொடை வந்தால் திருப்பூரில் உள்ள இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுத்து நடத்தலாமா?

பதில்: முடியாது. எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்த அமைப்புக்கு அச்சட்டப்படி பதிவு இருந்தாலும் மாற்றித் தரக் கூடாது. நிர்வாகச் செலவுக்கும் அந்த நன்கொடையில் 20 விழுக்காடுதான் வரம்பு. திருப்பூரில் உங்கள் கிளையையே திறந்து, நீங்களே நேரடியாகச் செலவு செய்யுங்கள்.