கொங்கிறீற் வீட்டுக்குள் சிக்னல் இல்லை: ரிப்பீட்டர் பூட்டினால் சரிவருமா?

கேள்வி இதுதான்: வவுணதீவுப் பக்கம், வாவிக்கு அண்மையில் கொங்கிறீற் தட்டுக் கூரை போட்ட வீடு. முற்றத்தில் இரண்டு கோடு காட்டும் போன், அறைக்குள் போனால் செத்துப்போகிறது. வெளிச் சிக்னலை வாங்கிப் பெருக்கி வீட்டுக்குள் விடும் ரிப்பீட்டரை, 70 டெசிபெல் பெருக்கம் என்று விற்கிறார்கள், வாங்கலாமா?

பெட்டியில் அச்சிட்ட அந்த 70ஐ வைத்து முடிவெடுக்க வேண்டாம். கூரைக்கு மேல் வந்து சேரும் சிக்னல் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது, வெளி அன்ரனாவும் உள் அன்ரனாவும் ஒன்றின் குரல் மற்றதற்குக் கேட்காதபடி பிரிந்திருக்கின்றனவா என்ற இரண்டும்தான் முக்கியம். ரிப்பீட்டர் புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. வந்த சிக்னலையும் அதோடு வந்த குறுக்கீட்டையும் சேர்த்தே பெருக்கும்.

ஆகவே முதலில் அளந்து பாருங்கள். கோடுகளை நம்பாமல், செல் விபரம் காட்டும் செயலியொன்றில் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்ற இரண்டு எண்களையும் பாருங்கள். முதலாவது வலிமை, டிபிஎம் அளவில் கழித்தல் எண்ணாக வரும், பூச்சியத்தை நெருங்க நெருங்க நல்லது. இரண்டாவது தரம், அதாவது குறுக்கீட்டைவிடச் சிக்னல் எவ்வளவு மேலே நிற்கிறது என்பது, இது கூடக் கூட நல்லது. கூரையில் −95 டிபிஎம், தரம் 10க்கு மேல் என்றால் வேலை நடக்கும். தரம் பூச்சியத்துக்குப் பக்கத்தில் நின்றால், ரிப்பீட்டர் பூட்டிய பிறகு போனில் கோடு நிரம்பும், இணையம் மட்டும் ஊர்ந்துகொண்டே இருக்கும்.

வாவிக்கரை வீடுகளில் இந்தத் தரக்குறைவு அடிக்கடி வரும். தண்ணீர்ப் பரப்பில் மறிக்க எதுவுமில்லாததால் வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரைக் கோபுரங்களின் சிக்னல் இங்கே நேராக வந்துவிடுகிறது. உங்கள் பக்கமான மேற்குப் படுவான்கரைக் கோபுரமும் அதே வலிமையில் வந்தால் இரண்டும் மோதுகின்றன, போனும் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவிக்கொண்டே இருக்கும். இதற்கு மருந்து கூடுதல் பெருக்கம் அல்ல, ஒரு திசையை மட்டும் கேட்கும் ஒடுங்கிய கற்றை. யாகி என்பது பழைய டிவி அன்ரனா போல வரிசையாகக் குச்சிகள் உள்ள அன்ரனா. 10 டிபிஐ, அதாவது தன் திசையில் 10 டெசிபெல் கூட்டித் தரும் யாகியின் கற்றை ஏறக்குறைய 50 பாகை அகலம். பக்கத்தில் இருந்து வருவதை அது தள்ளிவிடும்.

திருப்பும் முறை: வெளி அன்ரனா சொக்கெட் உள்ள 4ஜி ரவுட்டரில் யாகியை இணைத்து, அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். ஒவ்வொரு தடவையும் 15 பாகை திருப்பி, அரை நிமிடம் பொறுத்து, எந்தக் கோபுரத்தின் சிக்னல் என்று காட்டும் செல் எண்ணையும் இரண்டு அளவுகளையும் எழுதுங்கள். வலிமை கூடிய திசையை விட்டுவிட்டுத் தரம் கூடிய திசையைத் தெரிவு செய்யுங்கள். கோபுர அன்ரனாக்கள் பெரும்பாலும் 45 பாகை சாய்ந்த இரண்டு முனைவாக்கங்களில், அதாவது அலை அதிரும் திசைகளில், அனுப்புவதால், யாகியின் குச்சிகளை நிமிர்த்தியும் 45 பாகை சாய்த்தும் பார்ப்பது வீண்போகாது.

இனிக் கணக்கு. கூரையில் −95. யாகி 10 தரும். 20 மீற்றர் தடித்த எல்எம்ஆர்-400 கேபிள் 1800 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் 4 டெசிபெல் அளவு தின்னும். அதே நீளத்துக்கு டிவி வயர் 6, மெல்லிய ஆர்ஜி-58 என்றால் 12க்கு மேல். யாகியில் சம்பாதித்ததைக் கேபிளில் தொலைப்பவர்கள் நிறையப் பேர். தடித்த கேபிளோடு, 70ஐ முழுதாகக் கூட்டாமல் 65 டெசிபெல் பெருக்கத்தில் −24 ஆகும், அதில் காற்றில் 51 அளவு தொலைந்து, உள் அன்ரனாவிலிருந்து 5 மீற்றரில் −75 அளவு கிடைக்கும். ஒரு சுவர் தாண்டினால் −85. வீட்டுக்கு அது தாராளம்.

ஆனால் 65 பெருக்கத்துக்கு இரண்டு அன்ரனாக்களுக்கும் இடையே 80 டெசிபெல் பிரிவு வேண்டும், அதாவது ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் சிக்னல் அவ்வளவு குறைய வேண்டும், பெருக்கத்தைவிட 15 கூடுதல். குறைந்தால் ரிப்பீட்டர் தன் குரலையே திரும்பக் கேட்டு ஊளையிடும், ஒலிபெருக்கிக்கு முன்னால் மைக் பிடித்ததுபோல. 10 மீற்றர் இடைவெளி 1800இல் 57 டெசிபெல் அளவுதான் தரும். மீதியைக் கொங்கிறீற் தட்டும் யாகியின் முதுகுப்புறமும் தர வேண்டும். எனவே யாகி கூரைக்கு மேலே, வீட்டுக்கு முதுகு காட்டியபடி. உள்ளே தட்டையான பேனல் அன்ரனா, கீழே அல்லது எதிர்த்திசை பார்த்தபடி. அஸ்பெஸ்டஸ், ஓட்டுக் கூரைகள் சிக்னலை அவ்வளவாக மறிப்பதில்லை, அங்கே இந்தப் பிரிவை எட்டுவது சிரமம். பெருக்கத்தை ஆகக் குறைவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி, எச்சரிக்கை விளக்கு எரிந்த இடத்திலிருந்து சில டெசிபெல் இறக்கி நிறுத்துங்கள். கோடு நிறைய இருந்தும் அழைப்பு எடுபடாவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த ஊளையைத்தான்.

இதெல்லாம் சொன்னபின்னும், வாங்குவதற்கு முன் ஒரு விடயம் தெரிந்திருக்க வேண்டும். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டப்படி, வானலை வெளியிடும் கருவிகளுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி தேவை. இது வெறும் காகிதக் கட்டுப்பாடு அல்ல. ரிப்பீட்டர் போனிலிருந்து கோபுரத்துக்குப் போகும் பாதையையும் பெருக்குகிறது, அதில் தன் இரைச்சலையும் சேர்த்து அனுப்புகிறது. தூரத்தில் பலவீனமான போனோடு நிற்கும் ஒருவரின் அவசர அழைப்பு அந்த இரைச்சலுக்குள் அமிழ்ந்துபோகலாம். அதனால் ரிப்பீட்டர்தான் வேண்டுமென்றால் உங்கள் சேவை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள், கூரையில் எடுத்த அளவுகளையும் செல் எண்ணையும் இணைத்து.

உங்கள் வீட்டுக்கு என் பரிந்துரை வேறு. அளப்பதற்குப் பூட்டிய அதே யாகியையும் ரவுட்டரையும் அப்படியே விட்டுவிடுங்கள். ரவுட்டர் உள்ளே வைஃபை தரும். சேவையிலும் போனிலும் வைஃபை அழைப்பு வசதி இருந்தால் பேச்சும் அதிலேயே போகும். வெளிச் சிக்னலை வீட்டுக்குள் திரும்ப ஒலிபரப்பாததால் ஊளைப் பயம் இல்லை. 2300 மெகாஹேர்ட்ஸ் வீட்டு இணையம் எடுத்திருந்தால் இதுவே ஒரே வழி. அந்த அலைவரிசையில் அனுப்புவதும் பெறுவதும் ஒரே அதிர்வெண்ணில் மாறி மாறி நடக்கும், நேரம் ஒத்திசையாத மலிவு ரிப்பீட்டருக்கு அது பிடிபடாது. செல்போன் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 5ஜிக்கான 18ஆவது வெளியீட்டில், கோபுரமே கட்டளையிடும் ரிப்பீட்டர் வகை வந்திருக்கிறது. எப்போது பெருக்குவது, எப்போது அணைவது, கற்றையை எந்தப் பக்கம் திருப்புவது என்பதைக் கோபுரம் சொல்லும். கடையில் விற்கும் பெட்டிகள் அந்த இனமல்ல.

பூட்டும்போது இணைப்புகளில் தானாக ஒட்டிக்கொள்ளும் இறப்பர் நாடா சுற்றுங்கள், உப்புக்காற்று பித்தளையைப் பச்சையாக்கிவிடும். கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்துக்கு முன் கீழே ஒரு வளைவு விடுங்கள், மழைத்தண்ணீர் அங்கே சொட்டிவிடும். பைப்புக்கு நிலத்தொடுப்பும் கேபிளுக்கு மின்னல் தடுப்பும் கட்டாயம். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஓய்ந்ததும் ஆணிகளை இறுக்கி யாகியின் திசையைப் பாருங்கள். 25 பாகை விலகியிருந்தால் 3 டெசிபெல், அதாவது வந்த சக்தியில் பாதி, போய்விட்டிருக்கும்.