லேப்டாப்பில் தெரியும் படம் இணையத்தில் ஏன் தெரியவில்லை? - வாசகர் கேள்வி பதில்

இந்த இதழில் ஒரே பொருள்: மாணவர்கள் தங்கள் பெயரில் தாங்களே கட்டும் இணையதளம். காசில்லாமல் தளம் வைக்கப் பலரும், கோடு சேமித்துவைக்கும் இடமான கிட்ஹப் தரும் கிட்ஹப் பேஜஸ் வசதியையே நாடியிருப்பதால் பதில்களும் அதை ஒட்டியே இருக்கின்றன.

*கேள்வி: எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் கற்றுக்கொண்டு சொந்தத் தளம் ஒன்று கட்டினேன். லேப்டாப்பில் எல்லாம் சரியாக இருக்கிறது. கிட்ஹப்பில் ஏற்றினால் முகப்பு 404 (பக்கம் கிடைக்கவில்லை) என்கிறது. மற்ற பக்கங்களில் எழுத்து வருகிறது, படம் வரவில்லை. நாலு தடவை அழித்துவிட்டு மறுபடி ஏற்றிப் பார்த்துவிட்டேன்.*
*பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவர், திருப்பரங்குன்றம்*

இனிமேல் அழிக்க வேண்டாம், கோளாறு பெயரில்தான் இருக்கும். விண்டோஸ் கேபிடல் எழுத்து, ஸ்மால் எழுத்து வித்தியாசம் பார்க்காது. கிட்ஹப் சர்வர் கறாராகப் பார்க்கும். முகப்புக் கோப்பின் பெயர் ‘இன்டெக்ஸ்.எச்டிஎம்எல்’ முழுக்க ஸ்மாலில் இருக்க வேண்டும். முதல் எழுத்து மட்டும் கேபிடலாக இருந்தாலும் சர்வருக்கு அது வேறு கோப்பு. பெயர் சரியென்றால் இடத்தைப் பாருங்கள். ஃபோல்டரோடு இழுத்துப் போட்டிருந்தால் முகப்பு ஒரு படி உள்ளே போயிருக்கும். அது ரெப்போவின் (கிட்ஹப்பில் உங்கள் கோப்புகள் இருக்கும் சேமிப்பகம்) மேல்மட்டத்திலேயே கிடக்க வேண்டும்.

படங்களிலும் இதே கதைதான். கேமரா தரும் கோப்பின் வாலில் ‘ஜேபிஜி’ பெரும்பாலும் கேபிடலில் இருக்கும், நீங்கள் கோடில் ஸ்மாலில் அடித்திருப்பீர்கள். இதைத் திருத்தப் போகும்போது இன்னொரு வம்பு வரும். கேபிடலை ஸ்மாலாக மட்டும் மாற்றினால் விண்டோஸில் ஓடும் கிட் (கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்து கிட்ஹப்புக்கு அனுப்பும் கருவி) அதை மாற்றமாகவே எடுத்துக்கொள்ளாது. ஏற்றிய பிறகும் பழைய பெயரே நிற்கும். ‘கிட் எம்வி’ கட்டளையால் மாற்றுங்கள். இல்லையென்றால் முதலில் வேறொரு பெயர் வைத்து ஒரு கமிட் (மாற்றத்தைப் பதிவுசெய்வது), பிறகு சரியான பெயர் வைத்து இன்னொரு கமிட்.

பெயரும் ஒத்துப்போகிறது, படம் மட்டும் வரவில்லை என்றால் பாதையைப் பாருங்கள். ‘சி டிரைவ்’ என்று தொடங்கும் பாதை உங்கள் மேசையைத் தாண்டி எங்கும் வேலை செய்யாது. பலரைப் படுத்துவது பாதையின் தொடக்கத்தில் வரும் சாய்கோடு. ரெப்போவின் பெயர் ‘யூசர்நேம்.கிட்ஹப்.ஐஓ’ என்றால் அந்தச் சாய்கோடு பிரச்சினை இல்லை. ‘போர்ட்ஃபோலியோ’ என்பது போல வேறு பெயர் வைத்திருந்தால் தளத்தின் முகவரி ‘யூசர்நேம்.கிட்ஹப்.ஐஓ/போர்ட்ஃபோலியோ’ என்றாகிவிடும். சாய்கோட்டில் தொடங்கும் பாதையோ போர்ட்ஃபோலியோவைத் தாண்டி வெளியே போய்ப் படத்தைத் தேடும். முன்சாய்கோட்டை எடுத்துவிடுங்கள். கோப்புப் பெயர்களில் இடைவெளியும் வேண்டாம், ஹைஃபன் போடுங்கள்.

ஊகித்து மாளாது. எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். சிவப்பில் 404 என்று நிற்கும் வரிகளைத் தொட்டால், பிரவுசர் எந்த முகவரியில் தேடியது என்று எழுத்துக்கு எழுத்து காட்டும். அதை ரெப்போவில் உள்ள பெயரோடு ஒப்பிட்டால் ஐந்து நிமிட வேலை. திருத்தம் தளத்தில் தெரியப் பத்து நிமிடம் வரை பிடிக்கலாம். அதற்குள் பொறுமை இழந்துதான் பலர் சரியாக இருந்ததையும் கெடுத்துக்கொள்கிறார்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பிரவுசர் சேர்த்துவைத்த பழைய நகலைத் தள்ளிவிட்டுப் பாருங்கள்.

*கேள்வி: அரிட்டாபட்டிப் பறவைகளுக்காகத் தளம் தொடங்கியிருக்கிறேன். ஒரே பக்கத்தில் 60 படங்கள். எங்கள் ஊரில் போனில் திறந்தால் பாதி வருவதற்குள் பார்ப்பவர்கள் மூடிவிடுகிறார்கள்.*
*விலங்கியல் மாணவி, மேலூர்*

போன் கேமராவின் 12 மெகாபிக்சல் படம் 4000 பிக்சல் அகலம், 3000 உயரம். ஒரு படம் 4 எம்பி என்று வைத்தாலும் 60 படத்துக்கு 240 எம்பி. யார்தான் காத்திருப்பார்கள்? கிட்ஹப் பேஜஸுக்கு மாதம் 100 ஜிபி என்று ஒரு வரம்பும் உண்டு. உங்கள் பக்கத்தை நானூற்றுச் சொச்சம் பேர் முழுசாகத் திறந்தாலே அது தீர்ந்துவிடும்.

ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு நகல் செய்யுங்கள். பட்டியலில் காட்ட 400 பிக்சல் அகலத்தில் ஒன்று. தொட்டால் திறக்க 1200 பிக்சலில் ஒன்று. ‘ஸ்கூஷ்’ என்ற இலவசக் கருவி பிரவுசரிலேயே இதைச் செய்யும். கோப்பு வடிவம் ‘வெப்பி’ என்றும் தரம் 75 என்றும் தேர்வு செய்யுங்கள். சின்ன நகல் 25 கேபி அளவுக்கும் பெரியது 150 கேபி அளவுக்கும் இறங்கும். இலை, புதர் நிறைந்த படம் கொஞ்சம் கூடுதலாக வரும். பட்டியல் பக்கம் மொத்தமே ஒன்றரை எம்பியை ஒட்டி அடங்கிவிடும். பட டேகில் அகலம், உயரம் இரண்டையும் எண்ணாக எழுதுங்கள், இல்லாவிட்டால் படம் வர வர எழுத்து கீழே குதிக்கும். ‘லோடிங்’ என்ற பண்புக்கு ‘லேசி’ என்று மதிப்புக் கொடுத்தால், பார்ப்பவர் கீழே இறங்கும்போதுதான் அடுத்த படம் வரும். மேலே முதலில் தெரியும் படத்துக்கு மட்டும் அதைப் போட வேண்டாம், அதுவும் தாமதமாகும்.

ஒரிஜினல் படங்களை ரெப்போவில் ஏற்றவே ஏற்றாதீர்கள். பிறகு அழித்தாலும் கிட் வரலாற்றில் அவை எடையோடு கிடக்கும். தளத்துக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த அளவு 1 ஜிபி.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். போனில் லொகேஷன் இயங்கும்போது எடுத்த படத்துக்குள் இடத்தின் ஜிபிஎஸ் எண்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். வல்லூறுகள் கூடு வைக்கும் பாறைகள் அங்கே உண்டு. கூட்டின் படத்தை அப்படியே ஏற்றினால், கூட்டுக்கு வழி சொல்லும் பலகையையும் நட்டுவைத்தது போலத்தான். ஸ்கூஷ் வழியாகப் போன நகலில் அந்த எண்கள் இருக்காது. சந்தேகமென்றால் விண்டோஸில் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், பிறகு டீட்டெயில்ஸ் போய்ப் பாருங்கள். படக்குறிப்பிலும் எந்தப் பாறை, எந்தப் பொந்து என்று எழுத வேண்டாம். ஊர்ப் பெயரும் மாதமும் போதும்.

*கேள்வி: ஒரு மாணவர் தளத்தில் எத்தனை பக்கங்கள் இருக்க வேண்டும்?*
*பாலிடெக்னிக் மாணவர், வாடிப்பட்டி*

மூன்று. நான் யார், செய்தவை, தொடர்புக்கு. ‘விரைவில் வரும்’ என்று ஒரு பக்கமும் வைக்காதீர்கள், அது வராது.

*கேள்வி: எங்கள் துறையின் கையெழுத்து இதழ்க் கட்டுரைகளைத் தட்டச்சு செய்து என் தளத்தில் போட்டேன். சில பக்கங்களில் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகள், சில பக்கங்களில் பொருளில்லாத ஆங்கிலம். என் கணினியில் மட்டும் தமிழ்.*
*முதுகலைத் தமிழ் மாணவி, தல்லாகுளம்*

இவை இரண்டும் வெவ்வேறு நோய், மருந்தும் வேறு.

கொம்பு முளைத்த ஆங்கில ‘ஏ’வும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் மாறி மாறி வந்தால் உங்கள் எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே, இரண்டாவதும் பெரும்பாலும் ஒன்றே. பிரவுசர் அவற்றைத் தனித்தனி ஐரோப்பிய எழுத்தாகப் படிப்பதால்தான் அதே இரண்டு குறி திரும்பத் திரும்ப வருகிறது. ஹெட் பகுதியின் முதல் வரியாக ‘மெட்டா சார்செட்’ போட்டு யூடிஎஃப்-8 என்று அறிவியுங்கள். அது கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும். பெரிய ஸ்கிரிப்டுக்குக் கீழே போட்டுப் பயனில்லை. சேமிக்கும்போதும் என்கோடிங் யூடிஎஃப்-8 தானா என்று பாருங்கள்.

பொருளில்லாத ஆங்கிலம் வருவது பழைய எழுத்துருவின் வேலை. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கோப்பில் உண்மையில் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு உள்ள கணினியில் மட்டும் அது தமிழ் வேஷம் போடும். கூகுளுக்கும் பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்கும் அது தமிழே இல்லை. எழுத்துருவைத் தளத்தில் ஏற்றி ஒப்பேற்றலாம் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஒருங்குறி (யூனிகோட்) மாற்றியில் போட்டு மாற்றுங்கள். எந்த எழுத்துருவில் அடித்தது என்று சரியாகத் தேர்வு செய்வது முக்கியம், பாமினிக்கும் வானவில்லுக்கும் விசைகள் வேறு. மாற்றிய பிறகு ஒருமுறை மெய்ப்புப் பார்த்தே ஆக வேண்டும். துணைக்காலுக்குப் பதில் ‘ர’ அடித்த இடங்கள் பழைய கோப்புகளில் ஏராளம், அவற்றை எந்த மாற்றியும் கண்டுபிடிக்காது. தமிழ்நாடு அரசே 2010-இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டது. இனி அடிப்பதையாவது தமிழ்99 விசைப்பலகையில் நேரே ஒருங்குறியில் அடியுங்கள்.

எழுத்துரு வேண்டுமென்றால் கூகுள் ஃபான்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ் இருக்கிறது. நம் ஊர்ப் பெயரிலேயே ஹிந்த் மதுரையும் இருக்கிறது. சாதாரணம், தடிமன் இரண்டு மட்டும் எடுங்கள். வரி உயரம் 1.7 வையுங்கள், ஆங்கிலத்துக்குப் போதும் 1.4 தமிழில் மேல்வரியின் உகரத்தையும் கீழ்வரியின் இகரத்தையும் மோதவிடும். இருபக்கமும் சமமாக நிறுத்தும் ஜஸ்டிஃபை வேண்டாம். நம் சொற்கள் நீளம், போன் திரையில் வரிக்கு மூன்று சொல்தான் நிற்கும், நடுவே ஆறு ஓடும். கோப்புப் பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். ‘மதுரை’ என்று பெயர் வைத்து அந்த முகவரியை நகலெடுத்து ஒட்டினால் அந்த ஒரு சொல்லே 45 குறிகளாக விரியக்கூடும்.

*கேள்வி: முதல் வருடம் 99 ரூபாய் என்று டொமைன் (தளத்துக்கான சொந்த முகவரிப் பெயர்) விளம்பரம் பார்த்தேன். வாங்கலாமா?*
*பிசிஏ மாணவர், திருமங்கலம்*

பார்க்க வேண்டியது இரண்டாம் வருடப் புதுப்பிப்புக் கட்டணம். அது சில மடங்கு கூடுதலாக இருப்பது சகஜம். கூடையில் போட்டபின் சின்ன எழுத்தில் தெரியும். கூடவே தலையில் கட்டும் ஹோஸ்டிங் (தளம் வைக்க இடம்), எஸ்எஸ்எல் (பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழ்), ஈமெயில் எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. தளம் கிட்ஹப்பிலேயே இருக்கட்டும், எஸ்எஸ்எல் சான்றிதழும் அங்கே இலவசம்.

முதலில் ரெப்போவின் செட்டிங்ஸ், பேஜஸ் பகுதியில் டொமைன் பெயரைச் சேருங்கள். பிறகு டொமைன் விற்றவரின் டிஎன்எஸ் பக்கத்தில் (பெயரை எந்த சர்வருக்கு அனுப்புவது என்று எழுதும் இடம்) நான்கு ‘ஏ’ ரெக்கார்டுகள்: 185.199.108.153, 185.199.109.153, 185.199.110.153, 185.199.111.153. ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ’வுக்கு ஒரு ‘சிநேம்’ ரெக்கார்டு, யூசர்நேம்.கிட்ஹப்.ஐஓ என்று. விற்றவர் ஏற்கெனவே போட்டுவைத்திருக்கும் விளம்பரப் பக்க ‘ஏ’ ரெக்கார்டை அழிக்க மறப்பதுதான் வழக்கமான பிழை. தளம் ஒரு நேரம் வரும், ஒரு நேரம் விளம்பரம் வரும். எச்டிடிபிஎஸ் கட்டாயம் என்ற பெட்டி உடனே டிக் ஆகாது, ஒரு நாள் வரை பொறுங்கள். வாங்கும்போது உங்கள் சொந்த மெயில் கொடுங்கள். பிரவுசிங் சென்டர்க்காரர் மெயிலில் வாங்கினால் டொமைன் அவருடையது.

தமிழிலேயே ‘.இந்தியா’ என்று முடியும் டொமைனும் உண்டு. அழகுதான், ஆனால் வேலைக்கு விண்ணப்பிக்கும் படிவங்களில் சில அதை ஏற்காமல் திருப்பும். இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம்.

*கேள்வி: பிளஸ் டூ படிக்கும் மகள் தன் ஓவியங்களுக்குத் தளம் செய்கிறாள். தடுக்கலாமா, விடலாமா?*
*ஒரு தாய், உசிலம்பட்டி*

விடுங்கள் அம்மா. கிட்ஹப் கணக்குக்கு 13 வயது நிறைந்தால் போதும். டொமைன் வேண்டுமென்றால் உங்கள் பெயரில் வாங்குங்கள். தளத்தில் வேண்டாதவை: வீட்டு முகவரி, போன் எண், பிறந்த தேதி, சீருடையிலோ அடையாள அட்டையோடோ எடுத்த படம், மதிப்பெண் பட்டியல், ஆதார், கையெழுத்து. பள்ளிப் பெயரும் வேண்டாம், ‘மதுரை மாவட்டம்’ என்பதே போதும். தொடர்புக்கென்று தனியாக ஒரு மெயில் முகவரி, அதன் பாஸ்வேர்ட் உங்களுக்கும் தெரியட்டும். தவறிப்போய் ஏதாவது ஏறிவிட்டால் கோப்பை அழிப்பதோடு நிற்கக் கூடாது, பழைய கமிட்டுகளில் அது யார் கண்ணுக்கும் தெரியும். ரெப்போவையே நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றுவதுதான் இந்த வயதில் எளிய வழி.

*கேள்வி: தொடர்புப் படிவம் வைத்தேன், பிஎச்பி கோடும் சரி. ஒரு மெயில்கூட வரவில்லை.*
*மாணவர், அண்ணா நகர், மதுரை*

கிட்ஹப் பேஜஸில் பிஎச்பி ஓடாது, அது கோப்பை அப்படியே எடுத்துக் கொடுக்கும் இடம். ஒரு கூகுள் ஃபார்ம் இணைப்பு வையுங்கள், அல்லது மெயில் முகவரியை எழுதுங்கள். மெயில் பாஸ்வேர்டை அந்தக் கோடில் எழுதியிருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள், அது இப்போது ஊரறிந்தது.

*கேள்வி: ஏப்ரலில் படிப்பு முடிகிறது. என் தளம், கிட்ஹப் எல்லாம் கல்லூரி மெயிலில்தான் இருக்கின்றன.*
*இறுதியாண்டு மாணவி, நாகமலை புதுக்கோட்டை*

ஹால் டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் இந்த வேலையை முடியுங்கள். கல்லூரி மெயிலை எப்போது மூடுவார்கள் என்பது நம் கையில் இல்லை. கிட்ஹப் செட்டிங்ஸில் ஈமெயில்ஸ் பகுதியில் சொந்த மெயிலைச் சேர்த்து, வந்த இணைப்பைத் தொட்டு உறுதிசெய்து, அதை முதன்மையாக்குங்கள். அதன் பிறகு கல்லூரி மெயிலை நீக்கலாம். ரெப்போவுக்கும் தளத்துக்கும் ஒன்றும் ஆகாது. கல்லூரிக் கணக்கில் கூகுள் சைட்ஸில் கட்டியது என்றால் சிரமம் அதிகம். சொந்தக் கணக்குக்குப் பகிர்ந்து நகலெடுக்கப் பாருங்கள். கல்லூரி வெளிப்பகிர்வைப் பூட்டியிருந்தால் எழுத்தையும் படங்களையும் கையால் இறக்கிக்கொள்வதுதான் வழி.

இரட்டைச் சரிபார்ப்பு போட்டிருந்தால் கிட்ஹப் சில மீட்புக் குறியீடுகளைத் தரும். பிரிண்ட் எடுத்து டிசி, மார்க்‌ஷீட் இருக்கும் ஃபைலிலேயே வையுங்கள். ஸ்கிரீன்ஷாட்டாகப் போனில் வைத்தால், போன் தொலையும் அன்று அதுவும் சேர்ந்தே தொலையும்.