பூ இருக்கிறது, காய் இல்லை: வாசகர் கேள்வி–பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில், கேரள எல்லையை ஒட்டிய ஊர்களிலிருந்தும் எல்லைக்கு அப்பால் தமிழ் பேசும் மலைகளிலிருந்தும் வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களில் பெரும்பாலோர் மண்ணோடும் மாட்டோடும் புழங்குகிறவர்கள். ஆகவே கேள்விகளும் நேரடியானவை.

கேள்வி: ஞள்ளானி ரக ஏலம் வைத்திருக்கிறேன். சரத்தில் பூ நிறைய வருகிறது. காய் மட்டும் முன்போலப் பிடிப்பதில்லை. இலைப்பேனுக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் தவறாமல் மருந்து அடிக்கிறேன். உரக்கடையில் புதிதாக ஒரு நுண்ணூட்டத்தை வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
— ஏல விவசாயி, வண்டன்மேடு

பதில்: நுண்ணூட்டம் தேவையா என்பதை மண் பரிசோதனை சொல்லட்டும், கடைக்காரர் சொல்ல வேண்டியதில்லை. பூ இருந்தும் காய் இல்லை என்றால், அந்தப் பூவுக்கு யார் வந்து போகிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஏலப்பூ ஒன்றைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். வெள்ளை உதட்டிதழின் நடுவில் ஊதாக் கோடுகள் உள்நோக்கி ஓடுகின்றன. தேன் இருக்கும் குழலுக்கு அவை வழி காட்டுகின்றன. அந்த வாயிலில் மகரந்தப் பை நிற்கிறது. சூல்முடியோ அதற்குச் சற்று மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கிறது. தன் மகரந்தம் தானாகவே தன் சூல்முடிக்கு ஏறிப்போக வழியில்லாத அமைப்பு இது. காற்றும் இந்த வேலையைச் செய்வதில்லை. தேன் குடிக்க உள்ளே நுழையும் தேனீயின் முதுகில் ஒட்டும் மகரந்தம்தான் அடுத்த பூவின் சூல்முடியில் உரசுகிறது. விடியற்காலையில் விரியும் பூவுக்கு ஆயுள் ஏறக்குறைய ஒரு நாள்தான். அன்றைய முற்பகலில் தேனீ வரவில்லை என்றால் அந்தப் பூ உதிர வேண்டியதுதான். காலையில் பனி விலகியதும் மருந்து அடிப்பவர், காய் பிடிக்கும் நேரத்தையே தேர்ந்தெடுத்துத் தேனீயைத் துரத்துகிறார்.

தோட்டத்தில் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்பவை அடுக்குத் தேனீயும் மலைத்தேனீயும். கொசுத்தேனீயும் ஓரளவு உதவுகிறது. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் தானாக வளரும் ஏலத்தை ஆராய்ந்தவர்கள், அங்கே முதன்மையாக வந்து போவது கூட்டமாக வாழாத, தனித்து வாழும் நீலப்பட்டைத் தேனீ போன்றவை என்று கண்டிருக்கிறார்கள். காட்டு ஏலத்தில் ஒரு நாளில் விரியும் பூக்கள் சிலவே. அவற்றைத் தேடி அலைய, பெரிய கூட்டத்துக்குத் தீனி திரட்ட வேண்டிய தேனீக்குக் கட்டுப்படியாகாது. நாம் ஆண்டுக்கணக்கில் பூ மிகுந்த செடிகளையே பொறுக்கி நட்டதால், கூட்டம் கூட்டமாக வரும் தேனீக்களை ஏலத்தின் முதன்மைத் துணையாக்கிவிட்டோம். ரகத்தை மாற்றியபோது உறவும் மாறியது என்பதை எந்த விலைப்பட்டியலும் சொல்வதில்லை.

மாறிய இந்த உறவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஏலம் பூக்காத மாதங்களிலும் அந்தக் கூட்டங்கள் எங்காவது தின்று உயிரோடிருக்க வேண்டும். நாவல், சந்தனவேம்பு, ஆயினி என்று பல வகை நிழல் மரங்கள் முன்பின்னாகப் பூத்த தோட்டத்தில் இது தானாக நடந்தது. அவற்றை அகற்றிவிட்டுச் சில்வர் ஓக்கை மட்டும் வரிசையாக நட்ட தோட்டத்தில் தேனீக்கு ஆண்டில் பல மாதங்கள் பட்டினி. ஆகவே என் ஆலோசனை இதுதான்: மருந்து தவிர்க்க முடியாததானால், பூச்சி இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, பிற்பகல் கடந்து, பாதிப்புள்ள பகுதியில் மட்டும் அடியுங்கள். நிழலைக் கவாத்து செய்யும்போது பூக்கும் மரங்களை ஒரே ஆண்டில் மொட்டையாக்காதீர்கள். தேனீப் பெட்டியை வாடகைக்குக் கொண்டுவந்து வைப்பது உதவும். ஆனால் பக்கத்துத் தோட்டத்தில் காலையிலேயே மருந்து அடிக்கிறார்கள் என்றால் பெட்டிக்குக் கொடுத்த பணம் வீண். அவரோடு பேசி நாளையும் நேரத்தையும் ஒத்துக்கொள்வதே மலிவான வழி.

கேள்வி: எங்கள் காப்பித் தோட்டத்தின் ஓரத்தில் பெரிய காட்டத்தி ஒன்று நிற்கிறது. பலகைக்கும் ஆகாது, விறகுக்கும் உதவாது என்று வெட்டப் பேசுகிறார்கள். ஒரே ஒரு மரம் போவதால் காட்டுக்கு என்ன நட்டம்?
— தோட்டத் தொழிலாளி, நெல்லியாம்பதி

பதில்: எல்லா மரத்துக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது, அத்தி இனங்களுக்குச் சொல்லலாம். காட்டில் மற்ற மரங்கள் பருவம் பார்த்துப் பழுத்து ஓய்ந்த காலத்திலும் ஏதாவது ஓர் அத்தி பழுத்து நிற்கும். இருவாச்சி, பச்சைப்புறா, மலை அணில், குரங்கு, பழந்தின்னி வௌவால் ஆகியவை அந்த மாதங்களைக் கடப்பது அதை நம்பித்தான். அதிலும் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து, ஒரு கீறல் அளவு இடைவெளி விட்டு வாயிலை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். அந்தக் காலம் முழுவதும் ஆண் பறவை கொண்டுவரும் உணவில் பெரும்பங்கு பழம். பக்கத்தில் பழமரம் இல்லாத பொந்தை எவ்வளவு காவல் காத்தாலும் பயனில்லை. வாழச்சால் காடுகளில் இருவாச்சிக் கூடுகளைக் கண்காணித்துவரும் காடர் பழங்குடியினர் இந்தக் கணக்கைப் படிப்பில்லாமலேயே அறிந்தவர்கள்.

அத்தியின் சொந்தப் பிழைப்பு இன்னும் வியப்பானது. பழுக்காத காய் ஒன்றைப் பிளந்தால் உள்சுவர் முழுவதும் பூக்களாக இருக்கும். எறும்பைவிடச் சிறிய பெண் குளவி ஒன்று, காயின் நுனித் துளை வழியே சிறகு பிய்ந்துபோக உள்ளே நுழைந்து, சில பூக்களில் முட்டையிட்டு, சிலவற்றில் மகரந்தம் சேர்த்து அங்கேயே மடிகிறது. அதன் மக்களில் சிறகற்ற ஆண்கள் வெளியேற வழி குடைந்து கொடுக்க, பெண்கள் மகரந்தத்தோடு பறந்து அதே இனத்தின் வேறொரு மரத்தை அடைய வேண்டும். வளர்ந்த குளவிக்கு ஆயுள் ஓரிரு நாள்தான். அத்தி இனம் ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் தனிக் குளவி இருப்பதால், எட்டும் தொலைவில் அதே இன மரம் இல்லாவிட்டால் குளவியும் இல்லை, விதையும் இல்லை. நீங்கள் சொல்லும் ‘ஒரே ஒரு மரம்’ அந்தத் தொலைவுக்குள் இருக்கும் கடைசி மரமாகவும் இருக்கலாம்.

எண்ணிக்கையில் சிறியதாக இருந்தும் பலவற்றைத் தாங்கி நிற்பவற்றைச் சூழலியலில் கீஸ்டோன் இனம் என்பார்கள். ராபர்ட் பெயின் என்பவர் 1963-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில், பாறைத் துண்டு ஒன்றிலிருந்து நட்சத்திர மீன்களை மட்டும் பிடுங்கிப் பிடுங்கிக் கடலில் எறிந்துவந்தார். அவை தின்று கட்டுக்குள் வைத்திருந்த சிப்பிகள் பாறையை அடைத்துக்கொள்ள, அங்கிருந்த 15 வகை உயிரினங்கள் 8 ஆகச் சுருங்கின. அந்த ஆய்வின் தொடர்ச்சியாகவே 1969-இல் அவர் இந்தச் சொல்லை வழங்கினார். காட்டத்தியை வெட்டுவதும் அதே சோதனைதான். முடிவைக் குறித்துவைக்க ஆள் இருக்காது என்பதே வேறுபாடு.

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மயில் பெருகிவிட்டது. நிலக்கடலையை விடுவதில்லை, நாற்றையும் விடுவதில்லை. மயில் பெருகினால் இயற்கை செழிப்பாக இருக்கிறது என்று பொருளா?
— விவசாயி, சித்தூர் வட்டம், பாலக்காடு

பதில்: இல்லை. ஓர் இனம் பெருகுவது தன்னளவில் நல்ல சேதியுமல்ல, கெட்ட சேதியுமல்ல. எதனால் பெருகியது என்பதே கேள்வி. மயில் அடர்காட்டுப் பறவை அன்று. வறண்ட புதர்க்காடும் பொட்டலும் வயலும் கலந்த நிலமே அதற்கு ஏற்றது. கேரளத்தில் மயில் பரவிவருவதை, நிலமும் தட்பவெப்பமும் மாறிவருவதன் அடையாளமாகக் கேரள வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் எழுதியிருக்கிறார்கள். இதோடு, முட்டையையும் குஞ்சையும் தின்று எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைத்த நரியும் காட்டுப்பூனையும் ஊர்ப்புறங்களில் அருகிவிட்டன. தேசியப் பறவை என்பதாலும், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதாலும் மனிதர்களிடமிருந்து அதற்குக் காப்பு கிடைத்திருக்கிறது. அந்தக் காப்பு நரிக்கு நடைமுறையில் கிடைக்கவில்லை.

விஷம் வைப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த விஷத்தைத் தின்று முதலில் சாவது மிச்சமிருக்கும் நரியும் கீரியும்தான். அடுத்த ஆண்டு மயில் இன்னும் கூடும். விதைத்த சில வாரங்களுக்கு வலை கட்டுவதும், இழப்புக்கு வனத்துறையிடம் மனு கொடுப்பதும்தான் இப்போதைக்கு வழி. இழப்பீடு சுணங்குகிறது என்ற உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வரப்போரப் பனைகளை அவசரப்பட்டு விற்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். மயிலுக்கும் பனைக்கும் தொடர்பில்லைதான். ஆனால் பனை உழவாரனும் தூக்கணாங்குருவியும் உங்கள் வயலில் பூச்சி பிடிப்பது அந்தப் பனைகளில் தங்கித்தான்.

கேள்வி: வட்டவடையில் கிராண்டிஸ் என்னும் யூகலிப்டஸ் வகை மரங்களை வெட்டினால் ஊற்று திரும்பும், குறிஞ்சியும் வரும் என்கிறார்கள். மரத்தை வெட்டுவது எப்படிப் பாதுகாப்பாகும்?
— கல்லூரி மாணவி, வட்டவடை

பதில்: நம் பள்ளிப்பாடம் ‘மரம் நடுவோம்’ என்பதோடு நின்றுவிட்டதால் வரும் குழப்பம் இது. உங்கள் மலையின் இயல்பான தோற்றம் மேட்டில் புல்வெளி, மடிப்புகளில் சோலை. புல் மழைநீரை நிதானமாக மண்ணுக்குள் விட, சோலை அதைப் பிடித்துவைத்து ஓடையாக்கும். தேயிலைத் தொழிற்சாலைகளின் விறகுக்காகக் கிராண்டிஸும், தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில் என்னும் அயல்நாட்டு அகேசியா மரமும் இந்தப் புல்வெளிகளில் வந்து சேர்ந்தன. வேகமாக வளரும் இந்த மரங்கள் வேகமாகவே நீரையும் உறிஞ்சும். புல் போனால் வரையாட்டுக்கு மேய்ச்சல் இல்லை, குறிஞ்சிக்கும் இடமில்லை.

குறிஞ்சி 12 ஆண்டு காத்திருந்து ஒன்றாகப் பூப்பதை அழகுக்காகவே பேசுகிறோம். ஒரு மலை முழுவதும் ஒரே நேரத்தில் விதைத்தால், விதை தின்னும் பூச்சிகள் எவ்வளவு தின்றாலும் மிச்சம் இருக்கும். இடைப்பட்ட ஆண்டுகளில் அவற்றுக்குத் தீனியே இல்லாததால் அவை பெருகவும் முடியாது. ஆனால் பரந்த கூட்டமாக இருந்தால்தான் இந்த ஏற்பாடு பலிக்கும். தோப்புகளுக்கு நடுவே திட்டுத் திட்டாக எஞ்சிய குறிஞ்சி பூத்தாலும், விதை பெரும்பகுதி பூச்சிக்கே போய்விடலாம். 2006-இல் உங்கள் ஊரை ஒட்டிக் குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டதன் தேவை இங்கே இருக்கிறது. மூணாறுப் பக்கம் 2018-இல் பூத்தது, அடுத்தது 2030.

ஆனாலும் எல்லாத் தோப்பையும் ஒரே வீச்சில் வெட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். வாட்டிலின் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கும். தீப்பட்டால் ஓடு வெடித்துக் கம்பளம் போல முளைக்கும். வெட்டிக் கொளுத்திவிட்டுப் போனால் முன்னைவிட அடர்த்தியாக வாட்டிலே வரும். கன்றுகளை ஆண்டுதோறும் பிடுங்கி, உள்ளூர்ப் புல்லை நட்டு, பல ஆண்டு பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். உங்கள் ஊர்ப் பக்கத்தில் பழத்தோட்டம் என்னும் இடத்தில் நடந்த புல்வெளி மீட்புப் பணி அப்படிப்பட்டது. இன்னொன்று: கொடைக்கானல் பக்கத்தில் பழைய வாட்டில் தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே எழுந்திருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் கோடரியைத் தூரவே வைக்க வேண்டும். கிராண்டிஸை நம்பி ஐந்தாறு ஆண்டு காத்திருந்த சிறு விவசாயிக்குப் பூண்டுக்கும் காய்கறிக்கும் மாற வழி செய்யாமல், அவரைக் குற்றவாளியாக்குவதும் சரியாகாது.

கேள்வி: வயநாட்டு எல்லையில் மாடு வளர்க்கிறோம். பாறுக் கழுகு அழிந்ததற்கு மாட்டு ஊசி காரணம் என்பது உண்மையா?
— கூடலூர், நீலகிரி

பதில்: உண்மை. வலிக்கும் வீக்கத்துக்கும் போடும் டைக்ளோஃபெனாக் மருந்து, ஊசி போட்ட சில நாட்களில் இறந்த மாட்டின் உடலில் தங்கியிருக்கும். அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்து போகும். இந்தியாவில் 1990-களின் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய 15 ஆண்டுகளில் வெண்முதுகுப் பாறு 99 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தது. ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவை இவ்வளவு வேகத்தில் போனால் திரும்பி வர வெகு காலம் ஆகும். கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் 2006-இல் தடை செய்யப்பட்டது. கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபெனாக் ஆகியவை 2023-இல். கால்நடை மருத்துவரிடம் மெலாக்சிகாம் கேளுங்கள். அது பாறுகளுக்குத் தீங்கற்றது. மனிதருக்கான குப்பியை வாங்கி மாட்டுக்குப் போடுகிறவர் யாராவது ஊரில் இருந்தால் அவரிடமும் சொல்லுங்கள். புலி அடித்த மாட்டின் மேல் ஆத்திரத்தில் பூச்சி மருந்து தெளிப்பதும் இதே விளைவைத் தரும். புலி திரும்பி வராவிட்டாலும் பாறு வந்துவிடும்.

கேள்வி: உண்ணிச்செடியில் வண்ணத்துப்பூச்சி மொய்க்கிறது, கொண்டைக்குருவி பழம் தின்கிறது. பிறகு ஏன் அதைக் களை என்கிறார்கள்?
— அகளி, அட்டப்பாடி

பதில்: விருந்தினர் கூட்டம் இருப்பது உண்மைதான். அந்தக் கொண்டைக்குருவிதான் விதையைக் காடெங்கும் கொண்டுபோய்ப் போடுகிறது. புல்லும் மரக்கன்றும் எழும்ப வேண்டிய தரையை உண்ணிச்செடி மூடிக்கொள்வதால் மானுக்கும் மாட்டுக்கும் மேய்ச்சல் போகிறது. காய்ந்தால் தீயையும் மேலே ஏற்றிவிடும். மேலாக வெட்டினால் மறுபடி துளிர்க்கும். மழைக்கு முன், தண்டும் வேரும் சேரும் இடத்துக்குக் கீழே வெட்டியெடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். காலியான இடத்தில் உடனே உள்ளூர்ப் புல்லை விதைத்து, அடுத்த இரண்டு மூன்று மழைக்காலங்களில் முளைக்கும் கன்றுகளைக் கையால் பிடுங்கிவிடுங்கள்.