அலமாரி நிறைய உடைகள், மாதம் முழுக்கத் தவணைகள்

கேள்வி: எனக்குப் பதவி உயர்வு கிடைத்துள்ளது, சம்பளம் பெரிதாகக் கூடவில்லை. அடுத்த மாதத்திலிருந்து வாரம் இருமுறை வெளியாட்களைச் சந்திக்க வேண்டியிருக்கும். இரண்டு ஆண்டுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட உடைகளை வாங்கிவிட்டேன். ஆனாலும் ஐந்து சட்டைகளையும் மூன்று பேன்ட்களையும்தான் மாற்றி மாற்றி அணிகிறேன். என் வருமானத்தை 100 என்று வைத்தால் வீடு, பயணம், பெற்றோருக்கான உதவி ஆகியவற்றுக்கு 60 போகிறது. உடைகளுக்கான தவணை 14. அதில் 4 என் தங்கை என் கணக்கில் வாங்கியவற்றுக்கு உரியது, மூன்று மாதமாக அவள் தரவில்லை. சில்லறைச் செலவு 20, சேமிப்பு 6. கட்ட வேண்டிய பாக்கி 50. ஒன்றோடொன்று பொருந்தும் முப்பது உடைகள் கொண்ட 'கேப்ஸ்யூல்' தொகுப்பு ஒன்று 90க்கு வருகிறது. 12% வட்டியில் பன்னிரண்டு மாதத் தவணை, 2% செயலாக்கக் கட்டணம். இதை வாங்கிவிட்டு இனிமேல் உடையே வாங்காமல் இருந்துவிடலாமா?

பதில்: வேண்டாம். வரவு செலவுக் கணக்கு போடத் தெரியாதவர் எழுதிய கடிதம் இல்லை இது என்பதால், செலவைக் குறைப்பது எப்படி என்று உங்களுக்குப் பாடம் நடத்தப் போவதில்லை. உங்கள் பணத்தையும் அலமாரியையும் ஒருசேரக் கெடுத்துக்கொண்டிருப்பது உடைகளைத் தவணையில் வாங்கும் பழக்கம். அந்தப் பழக்கத்தின் ஆகப் பெரிய வடிவத்தையே அதற்கு மருந்தாக நினைக்கிறீர்கள் என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது.

முதலில் அந்தத் தொகுப்பின் கணக்கைப் பார்ப்போம். 90க்கு 12% சேர்த்தால் ஏறத்தாழ 101, மாதம் 8.4. இப்போதைய 14உடன் சேர்ந்தால் 22.4 ஆகிறது. வீட்டுச் செலவு 60, சில்லறைச் செலவு 20 ஆகியவற்றைக் கூட்டினால் மொத்தம் 102ஐத் தாண்டுகிறது. அதாவது சேமிப்பு முழுவதும் கரைந்த பிறகும் மாதாமாதம் துண்டு விழும். அந்த 12% என்பதும் ஏமாற்றும் எண். மாதந்தோறும் அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வருவதால் ஆண்டு முழுவதுக்குமாகச் சேர்த்துப் பார்த்தால் சராசரியாகப் பாதியை விடச் சற்றுக் கூடுதலான தொகைதான் உங்கள் கையில் இருக்கிறது. வட்டியோ முழுத் தொகைக்கும் கணக்கிடப்படுகிறது. முன்கூட்டியே பிடிக்கப்படும் 2% கட்டணத்தையும் சேர்த்தால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 25%க்கு அருகில் வரும். முதல் ஆண்டிலேயே நிறம் மங்கத் தொடங்கும் ஒரு பொருளுக்கு இந்த வட்டியில் கடன் வாங்குவதை நான் எப்படியும் பரிந்துரைக்க முடியாது.

வட்டியே இல்லாத தவணையாக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். விலை மூன்றாகவோ ஆறாகவோ பிளக்கப்படும்போது, கடையில் நிற்கும் அந்த நேரத்தில் நீங்கள் எடைபோடுவது முதல் தவணையை மட்டும்தான். முழு விலையையும் அங்கேயே எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தால், "இது என்னிடம் இருக்கும் எந்தப் பேன்டோடு சேரும்?" என்ற கேள்வி தானாக எழும், தவணை அந்தக் கேள்வி எழுவதற்கு முன்பே உடையை உங்கள் கையில் கொடுத்துவிடுகிறது. அப்படி வந்த சட்டைக்குப் பொருத்தமாக ஒரு பேன்ட், அதற்கேற்ற ஷூ என்று அடுத்தடுத்த தவணைகள் தொடங்குகின்றன. நாற்பது உடைகள் வாங்கியும் எட்டை மட்டுமே அணியும் நிலை இப்படித்தான் உருவாகியிருக்கும் என்று நினைக்கிறேன். நல்ல அலமாரி அமையக் காத்திருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். தவணைத் திட்டம் அந்தக் காத்திருப்பைத்தான் இல்லாமல் செய்கிறது.

நீங்கள் குறையாகச் சொல்லும் அந்த எட்டு உடைகளை நான் மதிப்போடு பார்க்கிறேன். ஐந்து சட்டைகளும் மூன்று பேன்ட்களும் எல்லாமே ஒன்றுக்கொன்று பொருந்துமானால் பதினைந்து சேர்க்கைகள் கிடைக்கும். வாரம் இரு சந்திப்பு என்றால் மாதத்துக்கு எட்டு அல்லது ஒன்பது. இப்போதே உங்களிடம் தேவைக்கு மேல் இருக்கிறது. இவற்றோடு ஐந்து சட்டைகளுக்கும் பொருந்தும் பேன்ட் ஒன்றைச் சேர்த்தால் புதிதாக ஐந்து சேர்க்கைகள் கிடைக்கும். ஒரே ஒரு பேன்டோடு மட்டும் பொருந்தும் சட்டையைச் சேர்த்தால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒரு சேர்க்கைதான் கூடும். விலைச் சீட்டைப் பார்க்கும் முன் இந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். முப்பது உடைத் தொகுப்பை விற்பவர் அந்த முப்பதும் தங்களுக்குள் பொருந்தும் என்றுதான் சொல்கிறார்; அவை உங்களுடைய எட்டோடு பொருந்துமா என்பது அவருக்குத் தெரியாது. குறைந்த உடைகளால் நிறையச் சேர்க்கைகளை உண்டாக்கும் இந்தக் 'கேப்ஸ்யூல்' எண்ணத்தை 1970களில் லண்டனில் கடை நடத்திய சூசி ஃபோ பரப்பியபோது, காலத்தால் பழையதாகாத சில அடிப்படை உடைகளை வைத்துக்கொண்டு, பருவத்துக்கேற்பச் சிலவற்றை மட்டும் சேர்ப்பதே அதன் சாரமாக இருந்தது. இன்று அந்தப் பெயரில் மொத்தமாக வாங்கச் சொல்வது அதற்கு நேர் எதிரானது.

'ஒருமுறை அணிவதற்கு ஆகும் செலவு' என்ற கணக்கையும் உங்களிடம் காட்டியிருப்பார்கள். 3க்கு வாங்கி ஆறு முறை அணிந்த சட்டைக்கு ஒவ்வொரு முறையும் 0.5 ஆகிறது, 6க்கு வாங்கி நூறு முறை அணிந்த பேன்டுக்கு 0.06தான். கணக்கு சரி. ஆனால் அந்த நூறு முறை என்பது வாங்கும்போது வெறும் எதிர்பார்ப்பு. ஆகவே ஏற்கெனவே வைத்திருக்கும் உடைகளுக்கு மட்டும் இதைப் போட்டுப் பாருங்கள். எந்தத் துணியும் எந்த வெட்டும் உங்களுக்கு உழைத்திருக்கின்றன என்பது அதில் தெரிந்துவிடும்.

இனி செய்ய வேண்டியது. புதிய தவணை எதையும் தொடங்காமல் இருந்தால், 50 பாக்கி முதல் மூன்று மாதங்களில் 14 வீதமும் நான்காம் மாதத்தில் 8ஆகவும் தீர்ந்துவிடும். எந்தத் தவணையையும் தவறவிடாதீர்கள். தாமதக் கட்டணத்தோடு, கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்பதைக் காட்டும் கடன் மதிப்பெண்ணிலும் அது பதிவாகக்கூடும். தவணையில் வாங்க நீங்கள் பயன்படுத்தும் செயலியில் இன்றே புதிய வாங்குதலை நிறுத்தி, பாக்கி முடிந்த நாளில் கணக்கையே மூடிவிடுங்கள். தங்கையைப் பொறுத்தவரை, கடன் உங்கள் பெயரில் இருப்பதால் அந்த 4ம் உங்களுடையதுதான். அவள் தருவதை வரவில் எழுதாதீர்கள். தந்தால் பாக்கியில் கட்டிவிடுங்கள். இனி அவள் கேட்கும்போது கணக்கே இல்லை என்று சொல்வது, முகத்துக்கு நேராக மறுப்பதைவிட உங்கள் இருவருக்கும் எளிதாக இருக்கும்.

இந்த நான்கு மாதங்களில், அணியாமல் கிடக்கும் முப்பதுக்கும் மேற்பட்ட உடைகளையும் வெளியே எடுத்துப் போட்டுப் பாருங்கள். இடுப்பும் நீளமும் மட்டும் சரியில்லாதவற்றைத் தையற்காரரிடம் கொடுத்தால் புது உடையின் விலையில் சிறு பங்கில் சரியாகிவிடும். தோள்பட்டை பொருந்தாதவற்றைத் திருத்துவது செலவு கூடிய வேலை, அவற்றை விற்றுவிடுங்கள். இருப்பவற்றை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி, குளிர்ந்த நீரில் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். வெயில் நிறத்தையும், அதிக வெப்பம் மீள்தன்மையுள்ள இழைகளையும் கெடுத்துவிடும்.

ஐந்தாம் மாதத்திலிருந்து விடுபடும் 14இல் 9ஐச் சேமிப்போடு சேர்த்தால் அது 15 ஆகும். மீதி 5 உடைக்கு. அடுத்த எட்டு மாதங்களில் 40 சேரும். உடைக்கு 6 என்று வைத்தால் நல்லதாக ஆறு வாங்கலாம். முதலில் வாங்க வேண்டியது ஐந்து சட்டைகளோடும் போகும் அந்த நான்காவது பேன்ட். அதற்கு 5 போதாது என்றால், ஆறாம் மாதம் வரை பொறுத்து முழு விலையையும் ஒரே தடவையில் கொடுத்து வாங்குங்கள்.