கவுன்சிலர் இல்லாத ஐந்தாண்டுகள்

ஜனநாயகம் என்றால் என்ன, தேர்தல் ஒழுங்காக நடந்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. ஆள்பவரை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் பதவியில் இருக்கும்போதே கேள்வி கேட்க முடிய வேண்டும். சரியில்லை என்றால் சண்டையில்லாமல் மாற்றவும் முடிய வேண்டும். நடுவில் சொன்னதைத்தான் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

நான் வடசென்னையின் வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவன். சென்னை மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்திவிட வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம். நடந்ததோ 2022 பிப்ரவரி 19 அன்று. இடையில் மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் வாக்களித்தோம். விரலில் மை இருந்தது, வார்டுக்குக் கவுன்சிலர் இல்லை.

அந்த நாட்களில் எங்கள் தெருக் குழாயில் சாக்கடை கலந்து வந்தது. முன்பெல்லாம் அம்மா குடத்தோடு நேரே கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நிற்பார். இம்முறை ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டினார்கள். அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால் எங்கள் தெருவுக்கு மறுபடி ஓட்டுக் கேட்டு வரவேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. அம்மாவுக்கு இது முதல் நாளே புரிந்துவிட்டது. எனக்குச் சில வாரங்கள் ஆயின.

சமமான ஓட்டு, சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு, ஆட்சிக்கு அஞ்சாத நீதிமன்றம், சுதந்திரமான பத்திரிகை எல்லாம் பாடநூலில் இருக்கின்றன. கேட்பவனுக்குத் தீங்கு வராமல் இருக்கத்தான் அவை அத்தனையும் வேண்டும் என்று நான் நினைக்கிறேன். கூடி நின்று கேட்கும் உரிமையையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் இருக்கும் பெரம்பூரின் பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) நெசவு மில் தொழிலாளர்கள் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது அவர்களுக்கு ஓட்டுரிமை இல்லை; தொழிற்சங்கங்களுக்கான சட்டம்கூட 1926-இல்தான் வந்தது. மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பதைச் சொல்லவே அவர்களுக்கு ஒரு சங்கம் தேவைப்பட்டது. சங்கத்தின் தலைவரான பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் உடன் நின்றார்கள். எங்கள் பகுதிக்கு ஜனநாயகம் வாக்குச்சாவடி வழியாக வரவில்லை, அந்த மில் வாசல் வழியாகத்தான் வந்தது.

2022-இல் புதிய கவுன்சிலர் பதவியேற்ற வாரமே அம்மா கிளம்பிவிட்டார். இந்த முறை குடம் இல்லை. குழாயில் வந்த தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து மூடி எடுத்துக்கொண்டு போனார்.