வாலில்லாக் குட்டியை வாங்கும் முன்

கேள்வி: 10 வாரப் பெண் குட்டி. வால் துளியும் இல்லை. மாங்ஸ் இனம் என்கிறார் விற்பவர். வாங்கலாமா? பின்னாளில் வாலில்லாத ஆணோடு சேர்த்துக் குட்டி எடுக்கலாமா?

பதில்: இப்போதே வாங்க வேண்டாம். குட்டிக்கு 4 மாத வயது முடியட்டும். மாங்ஸ் பூனைக்கு வாலை இல்லாமலாக்கும் அதே மரபணு, முதுகெலும்பின் கடைசிப் பகுதியையும் அங்கிருந்து கிளம்பும் நரம்புகளையும் குறைபடுத்தக்கூடும். சிறுநீர்ப்பை, மலக்குடல், பின்னங்கால்கள் மூன்றுமே அந்த நரம்புகளை நம்பித்தான் இயங்குகின்றன. கோளாறு இருந்தால் பெரும்பாலும் முதல் 4 மாதத்துக்குள் வெளியே தெரிந்துவிடும்.

மாங்ஸ், ஐரிஷ் கடலில் உள்ள மான் தீவின் (Isle of Man) பூனை. வால் சுத்தமாக இல்லாததை ரம்பி என்பார்கள். முதுகு முடியும் இடத்தில் விரலுக்குச் சிறு பள்ளம் தட்டுப்படும். சிறு மேடு மட்டும் இருந்தால் ரம்பி ரைசர், குட்டை வால் ஸ்டம்பி, ஏறக்குறைய முழு வால் லாங்கி. ஒரே பிரசவத்தில் இந்த நான்கு வகையும் பிறக்கலாம். ஆபத்து அதிகம் ரம்பிக்குத்தான். பள்ளத்துக்குப் பதில் தழும்போ வெட்டுப்பட்ட எலும்பு முனையோ தட்டுப்பட்டால் அது வால் இழந்த சாதாரணப் பூனையாக இருக்கலாம்.

குட்டியை ஒரு மணி நேரமாவது அருகிலிருந்து பாருங்கள். மெதுவாக நடக்கும்போதும் பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் போலத் தத்துகிறதா? குதிகால் தரையில் படிய நிற்கிறதா? அது படுத்திருந்த துணி ஈரமா? ஆசனவாயைச் சுற்றி மலம் ஒட்டியிருக்கிறதா? மணல் தட்டில் முக்கி முக்கிச் சிறு உருண்டையாகப் போகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் இடுப்பு, வால் பகுதிக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் எலும்பு மட்டுமே தெரியும். தண்டுவடத்தைப் பார்க்க எம்ஆர்ஐ வேண்டும்.

சிறுநீர்ப்பை தானாகக் காலியாகாத பூனைக்கு ஆயுள் முழுக்க, தினமும் பலமுறை, கையால் அழுத்தி வெளியேற்ற வேண்டியிருக்கும். அழுத்தும் முறையை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். தேங்கிய சிறுநீரில் கிருமித் தொற்று சீக்கிரம் வரும். மலச்சிக்கலுக்கு ஈர உணவும், மருத்துவர் எழுதித் தரும் லாக்டுலோஸ் என்ற மலமிளக்கியும் உதவும். மனிதருக்கான பாஸ்பேட் எனிமாவை (ஆசனவாய் வழியே செலுத்தும் மருந்து) தொடவே தொடாதீர்கள். பூனையின் உயிரையே எடுத்துவிடும்.

வாலில்லாத இரண்டைச் சேர்க்காதீர்கள். இந்த மரபணு இரு பெற்றோரிடமிருந்தும் வந்த கரு பிறக்கும் முன்பே இறந்துவிடும். கணக்குப்படி நான்கில் ஒன்று. அதனால் பிறக்கும் குட்டிகளும் குறையும். வாலுள்ள இணையோடு சேர்த்தால் இந்த இழப்பு இல்லை. சராசரியாகப் பாதிக் குட்டிகளுக்கு மரபணு போகும். ஆனால் அந்தக் குட்டிகளுக்கு நரம்புக் கோளாறு வரும் வாய்ப்பு அப்படியேதான் இருக்கும்.

வால் குட்டையாக இருக்கும் அழகுதான் வேண்டுமென்றால் ஜப்பானிய பாப்டெயிலைப் பாருங்கள். பந்து போல் சுருண்ட சிறு வால் அதற்கு. காரணம் ஹெஸ்7 என்ற வேறொரு மரபணு. மாங்ஸுக்கு வரும் தண்டுவடக் கோளாறுகள் இதோடு வருவதில்லை, குட்டைவால் பெற்றோர் இரண்டைச் சேர்த்தாலும் கரு சாகாது. அதை மாங்ஸோடு மட்டும் கலக்காதீர்கள்.